ஆ காட்டும் வண்டி

மூடி மொத்தமும் முன்பக்கம் சாயும்,
ஆ காட்டுவது போல.
அதற்காகவே வாங்கியிருப்பேன் என்று கேலி செய்கிறார்கள்
பைபாஸ் ரோட்டில் பல் பிடுங்கும் என்னை.

நான் பார்த்தபோது மூடி துருவேறித் திறக்கவே இல்லை.
போடிமெட்டில், ஏலக்காய்த் தோட்டத்துக் கொட்டகையில்,
டிக்கிக்குள் ஒரு கோழி அடைகாக்க,
தார்ப்பாயின் கீழே கிடந்தது
அறுபத்தாறாம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.
கோழியை எழுப்ப மனமில்லாமல்
குஞ்சு பொரித்ததும் வருகிறேன் என்றேன்.
அதற்குள் ஐயாயிரம் ஏற்றிவிட்டார் தோட்டக்காரர்.

வீட்டில் நாலு பேர். இருக்கை இரண்டு.
"அப்ப மத்த ரெண்டு பேரு?" என்றார் கணவர்.
பதில் சொல்லாமல் கார்புரேட்டரைக் கழற்றினேன்.

"மேடம், இது நம்ம ஹெரால்டோட தங்கச்சி"
முனிச்சாலை அபுதாகிர் கண்டுபிடித்துச் சொன்னார்.
மெட்ராஸில் செய்த அக்காவின் எலும்புகள்
பாதி இதற்குப் பொருந்தின.
பொருந்தாதவற்றை அரத்தால் சமாதானப்படுத்தினார்.

முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துதான்
எஞ்சினைப் பார்க்க வேண்டும்.
வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டால்
அதோ, கடைவாயில், தளர்ந்த ஒரு நட்டு.
பாயிண்ட்டின் இடைவெளி
இரண்டு பற்களுக்கு நடுவே நூல் போகிற அளவு.
ஊசி வேண்டாம், மரத்துப்போகக் காத்திருக்க வேண்டாம்.
அலறாது.
நாளெல்லாம் அலறல் கேட்டவளுக்கு
இதைவிட என்ன வேண்டும்?

பகலில் எடுக்க முடியாது.
காளவாசல் சிக்னலில் மூன்று நிமிடம் நின்றால்
ரேடியேட்டர் பொங்கிவிடும்.
லாரிச் சக்கரத்தின் நட்டுகள் என் காது உயரத்தில் சுற்றும்.
ஷேர் ஆட்டோவிலிருந்து குனிந்து கேட்பார்கள்:
மைலேஜ் எவ்வளவு? என்ன விலை வரும்?
மழை பெய்தா என்ன செய்வீங்க?
நனைவேன்.

இரவில்தான் அது என் வண்டி.
கிளினிக்கைப் பூட்டிவிட்டுத் தேனி ரோட்டில் மூன்றாம் கியர்.
இடப்பக்கம் எங்கோ செங்கல் சூளை,
பிறகு நனைந்த வைக்கோல்,
பிறகு யாரோ தாளிக்கிற கடுகு.
மூடிய காரில் பத்து வருடம்
இதே ரோட்டில் போயிருக்கிறேன்,
இங்கே ஓர் அடுப்பு எரிவது தெரியாமல்.
அறுபதில் போனால் நூறு போலிருக்கும்.
நூறு போனதில்லை.

போன ஐப்பசியில் செக்கானூரணியில் திரும்பும்போது
இரண்டு விளக்கும் ஒரே மூச்சில் அணைந்தன.
ஓரமாக உருட்டிக்கொண்டு வந்தேன்.
பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு காக்கி உடுப்பு கை காட்டியது.
நெஞ்சில் பெயர்: ஒச்சம்மாள்.
அபராதத்துக்குப் பர்ஸைத் துழாவினேன்.

"நாகமலைக்கா? கடைசி பஸ் போயிருச்சு."
முழங்கால் முனக உள்ளே இறங்கினார்.
ஏறுவதில்லை, இந்த வண்டிக்குள் இறங்கத்தான் வேண்டும்.
டார்ச்சைக் கண்ணாடிக்கு மேலே நீட்டினார்.
"பெரிய ரோடு வேணாம். கம்மாக்கர வழியா விடுங்க. மெதுவா."

ஒரு தட்டு வெளிச்சம் முன்னே போக
பின்னாலேயே போனோம்.
தவளைகள் வழி விட்டன, விடாதவற்றுக்கு நான் நின்றேன்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
திடீரென்று ரோடு காணாமல் போனது.
வெளிச்சம் மேலே,
ஒரு புளியமரம் நிறைய உறங்கும் கொக்குகளின் மேல்.

"ஏங்க, ரோடு!"
"இருங்க."
பிரேக்கை மிதித்தபடி நானும் பார்த்தேன்.

மைலேஜ் கேட்கவில்லை. விலை கேட்கவில்லை.
புதுக்கோட்டையில் கதவைப் பிடித்து எழுந்தவர்
டார்ச்சை இருக்கையிலேயே வைத்தார்.
"நீங்க வீடு போய்ச் சேரணும்ல."

மறுநாள் அபுதாகிர் பத்தே நிமிடத்தில் சரி செய்தார்.
எர்த் ஒயர் ஒன்று கழன்றிருந்ததாம்.

எந்த ஸ்டேஷன் என்று தெரியும்.
இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.
பேட்டரி மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன்.