தொண்ணூற்றொரு கிராம்

பகலில் நான் சாங்கியில்
சரக்கு விமானங்களுக்கு எடைக்கணக்கு எழுதுகிறவன்.
டன் டன்னாக ஆர்க்கிட், சிப்புகள், உறைந்த மீன்,
ஒருமுறை நாலு பந்தயக் குதிரைகள்.
வால் கனத்தால் மூக்கு தூக்கும்,
அவ்வளவுதான் தத்துவம்.

இரவில், ஈசூன் பதினொன்றாம் மாடியில்,
சமையலறைத் தராசில்
ஒரு திருகாணியை வைத்துவிட்டு
மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.
நான்கு கிராம்.
டைட்டானியத்தில் இரண்டு.

பதின்மூன்று கிலோ நானூற்று இருபதில் தொடங்கினேன்.
எஃகுச் சட்டகம். முன்சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங்.
பின்னால் வருவதையெல்லாம் என் இடுப்பு வாங்கிக்கொள்ளும்.
சட்டகத்தை மாற்றச் சொன்னார் டெக் செங்,
விலையை ஆங்கிலத்திலும் அனுதாபத்தை மலாயிலும்.
மாற்றவில்லை.
கார்பனைச் சுண்டினால் டொக் என்கிறது, அட்டைப்பெட்டி மாதிரி.
இது ணங் என்கிறது.
அந்த ணங் எத்தனை கிராம் என்று எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன்.

மற்றதில் கைவைத்தேன்.
முன்பல் வட்டம் மூன்றில் இரண்டு,
அவற்றை மாற்றும் கம்பி, நெம்பு,
எல்லாம் சேர்த்து நானூற்று எண்பது.
டியூப்களை உருவிவிட்டு வெள்ளைப் பால் ஊற்றினேன்.
சீட்டுத் தண்டில் ஏழு சென்டிமீட்டர் அறுத்தேன்;
எதிர்வீட்டு ஹஸ்லிண்டா கதவைத் திறந்து
"ரெனோவேஷனா?" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
நாற்பத்தொரு கிராம்.

மாதங்கள் போய்,
பன்னிரண்டு கிலோ தொண்ணூற்றொரு கிராமில்
தராசு நின்றுவிட்டது.

தமயந்தி என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
இரண்டு வாரம் கோப்பி ஓ கோசோங் குடித்தேன்,
அது சைக்கிள் கணக்கில் வராது.
மணியைக் கழற்றினேன், முப்பத்தெட்டு.
தண்ணீர்ப்புட்டித் தாங்கி, நாற்பத்தாறு.
கைப்பிடி ரப்பரின் ஓரத்தை பிளேடால் சீவினேன்,
எட்டு.

பதினொன்று தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது!
எழுதி அடிக்கோடிட்டுப் படுத்தேன்.
தூக்கம் வரவில்லை.

பந்தயம் உபின் தீவில்.
பன்னிரண்டு தலை சேர்ந்தால்தான்
பம்போட்டுக்காரர் கயிற்றை அவிழ்ப்பார்.
சைக்கிளுக்குத் தனியே இரண்டு வெள்ளி.
பதின்மூன்றரைக் கிலோவுக்கும் அதே இரண்டு வெள்ளி.

முந்தின இரவு மழை.
முதல் சுற்றிலேயே செம்மண் ஏறிக்கொண்டது,
சங்கிலியில், பிரேக் இடுக்கில், என் பல்லில்.
இரண்டாம் சுற்று, இறக்கத்து வளைவில்
ஒரு காட்டுப்பன்றி, பின்னால் ஐந்து குட்டிகள்.
மணி இருந்த இடத்தைக் கட்டைவிரல் தடவியது.
"ஏய், ஓரமாப் போ!" என்று கத்தினேன்,
வந்தது தமிழ்தான்.
பன்றி நின்றது, யோசித்தது,
தன் வேகத்தில் கடந்தது.
ஐந்தாம் குட்டிக்கு வழியில் ஏதோ கிடைத்தது,
அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் போயிற்று.
அதற்குள் நாலு பேர் என்னைத் தாண்டிவிட்டார்கள்.

அப்புறம் அந்த வேர் ஏற்றம்.
எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள்.
மிதித்தேன்.
எஃகு இம்மியளவு வளைந்து,
வளைந்ததை அடுத்த மிதிக்குத் திருப்பித் தந்தது.
ஒருவனை முந்தினேன். ஒருவனைத்தான்.

நாற்பதைத் தாண்டியவர்கள் பிரிவு,
ஐம்பத்திரண்டில் முப்பத்தொன்றாம் இடம்.
கொக்கித் தராசில் சேற்றோடு தொங்கவிட்டேன்:
பதினான்கு கிலோ இருநூறு.
வட்டியும் முதலுமாக.
பக்கத்தில் நின்ற பையன் எட்டிப் பார்த்து,
"அங்கிள், இரும்பா?" என்றான்.
"எஃகு" என்றேன்.
திரும்பும் படகில் மறுபடி இரண்டு வெள்ளி.

இன்று காலை உளுந்து நிறுக்கத்
தராசை எடுத்தாள் தமயந்தி.
வெறுந்தட்டு மூன்று கிராம் காட்டியது.
"இது யாரோடது?"
விரலால் துடைத்தேன். சிவப்பு.
எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

என் காலணி ஒவ்வொன்றும் நானூற்றுப் பதினெட்டு.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.