பக்கவாட்டில்

மூன்று நாளாய் ஒரே எண் வருகிறது:
பூஜ்ஜியம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி
ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது.
நாகர்கோவில் பேருந்தின் படியில் நிற்பவன்
ஒரு கையால் கம்பியை, மறுகையால் வேட்டியை.
மாடியில் காயப்போட்ட உன் காக்கிச் சட்டை
காவல்கிணறு பக்கம் போனது, போனதுதான்.

இந்த வீட்டில் உட்கார்ந்துதான்
சூரியனின் காற்றை எண்ணுகிறேன்.
நான் பள்ளிக்கூடம் சேருமுன்பே கிளம்பிய கலம்.
அதில் ஒரு கிண்ணம், உள்ளங்கை அளவு.
ஒரு குடம் வெளியில் இருபது துகள் இருந்தாலே
நல்ல காற்று என்று குறித்துக்கொள்வோம்.
நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம்;
கொசுவலையை அசைக்காது.

லிட்வின், சோற்றைப் பிசைந்தபடி சொன்னாய்:
"கப்புக்குள்ள குளவி கூடு வச்சிருக்கும்.
முப்பந்தல்ல எழுபத்தாறாம் நம்பர்ல
போன மாசம் அதான். ஏறித் தட்டி விட்டேன்."

ஏறித் தட்ட அங்கே ஏணி இல்லை.
செத்த கருவியும் பூஜ்ஜியம் சொல்லும்,
நின்ற காற்றும் பூஜ்ஜியம் சொல்லும்.
கலத்தையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.
திரும்பு என்றோம்.
அந்தச் சொல் போய்ச்சேரப் பதினேழு மணி நேரம்,
பதில் வரப் பதினேழு.

அதற்குள் சாளை வாங்கினேன், விலை கூடுதல்.
ஜெனிஷாவுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியது.
தொட்டி நிரம்பி வழிந்ததற்குக்
கீழ்வீட்டு ஞானசிகாமணி சார் சத்தம் போட்டார்.
அப்போதெல்லாம் அது
போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருந்தது.

விடியற்காலம் மூன்றேகாலுக்குப் பதில்.
பக்கவாட்டில் துகள் விழுகிறது. கருவிக்குச் சுகம்.
நேரே வெளியே போகிற காற்றுதான்
இல்லை.
இத்தனை காலம் முதுகில் கைவைத்துத் தள்ளியது
அங்கே, எல்லைக்கல்கூட இல்லாத ஓரிடத்தில்,
கையை எடுத்துவிட்டது.

உனக்குச் சொல்ல ஃபோனை எடுத்தால்
நீ முந்திக்கொண்டாய்:
"மெட்ராஸ்ல இருந்து விளிச்சான்.
கரண்ட் கூடிப்போச்சாம், நிறுத்தச் சொல்றான்.
நாப்பத்திரண்டு மில்லும் நிக்குது.
இறக்கை எல்லாத்தையும் பக்கவாட்டுல திருப்பி வச்சாச்சு.
காத்து இங்க செவியை அறுக்குது,
மீட்டர்ல பூஜ்ஜியம்."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.
மாடிக்குப் போனேன்.
தூரத்தில் சிவப்பு விளக்குகள், ஒன்றும் சுழலாமல்.
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்; தள்ளியது.
மெல்லத் திருப்பினேன்.
விரல்களை உரசிக்கொண்டு போயிற்று,
உன் சட்டை போன வழியே.