ரெகுலேட்டர்

ராத்திரி ஒன்றரைக்கு முதல் தடவை.
ரெண்டேகாலுக்கு இன்னொரு தடவை.
மூணு மணிக்கு மேல் நான் எண்ணுவதில்லை,
எண்ணாதது போல் படுத்திருப்பேன்.

வெறுங்காலோடு அடுப்படிக்குப் போகிறார்.
ரெகுலேட்டரை
இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு.
குனிந்து மோந்து பார்க்கிறார்.
மூடியிருந்ததை
மூடிவிட்டு வருகிறார்.

செவ்வாப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்குப் பிறகுதான் இது.
பேப்பரில் நாலு வரி வந்தது,
"தீயணைப்பு வீரர்கள் ஒரு மணி நேரம் போராடி" என்று.
அந்த ஒரு மணி நேரம்
எங்கள் வீட்டில் ஏழு மாதமாக ஓடுகிறது.

என்ன பார்த்தீங்க என்று கேட்டால்
"ஒண்ணுமில்ல, சோறு போடு."
போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.
ஒருநாள் மகளின் காலைப் பார்த்து
"கழட்டுடி அதை" என்று கத்தினார்.
கொலுசைக் கழற்றிய பவதாரிணி
சத்தமில்லாமல் நடக்கப் பழகிக்கொண்டாள்.

மாசி பங்குனியில் ஏற்காட்டு மலை பற்றிக்கொள்ளும்.
அடிவாரத்திலிருந்து பார்த்தால்
இருட்டுத் துணியில் சிவப்பு நூல் ஓட்டின மாதிரி.
வண்டி கொண்டைஊசி வளைவோடு நின்றுவிடும்,
மேலே பச்சைக் கிளையை ஒடித்து அடித்தே அணைக்க வேண்டும்.
முகமெல்லாம் கரியாக வந்து
பதினோரு மணி நேரம் தூங்கினார்.
மலைத்தீ அவரை ஒன்றும் செய்வதில்லை.
அதற்குள்ளிருந்து யாரும்
"அண்ணா" என்று கூப்பிடுவதில்லை.

குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில்
டிரைவர் கபூர் வீட்டு ஜெரினா
துணியை உதறிக்கொண்டே கேட்டாள்:
"உங்க அடுப்படி லைட்டு எங்க ஜன்னல்ல விழுதுக்கா,
ராத்திரி என்ன பண்றீங்க?"
நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்:
"எங்க வீட்ல குளிக்கிறாரு.
வாரத்துக்கு மூணு சோப்பு.
இன்னும் வாடை போகலைங்கிறாரு."
செங்கோட்டுவேல் அண்ணன் சம்சாரம்
"எங்க வீட்ல நல்லாத்தான் இருக்காங்க" என்றது.
கொஞ்ச நேரம் கழித்து
வாயில் கடித்திருந்த கிளிப்பை எடுத்துவிட்டு,
"நல்லாக் குடிக்கிறாங்க."
மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

ஒவ்வொரு தீக்கும் பிறகு
ஓஸைக் கழுவி, கோபுரத்தில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள்.
ஈரத்தோடு சுருட்டினால் மக்கிவிடுமாம்.
கல்யாணமான புதிதில் அவர்தான் காட்டினார்.
ஆளை மட்டும்
அப்படியே சுருட்டி
வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

போன வாரம் எனக்கு விழிப்புத் தட்டியது. ரெண்டேகால்.
பக்கத்தில் அர்த்தநாரி தூங்குகிறார், குறட்டையோடு.
அடுப்படியில் லைட் எரிகிறது.
எட்டு வயசுப் பிள்ளை
முட்டி போட்டு உட்கார்ந்து
சிலிண்டரை மோந்துகொண்டிருக்கிறாள்.

காலையில் அவரிடம் சொன்னேன்.
பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்
கட்டி முடிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரி, மனநலப் பிரிவு, டோக்கன் நாற்பத்து மூணு.
"எனக்கில்ல, பாப்பாவுக்காக வரேன்" என்று
பஸ்ஸிலேயே ரெண்டு தடவை சொல்லியிருந்தார்.
"ராத்திரி ஏம்மா எந்திரிக்கிற?" டாக்டரம்மா கேட்டாள்.
"அப்பாவுக்கு லீவு குடுக்கத்தான்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
ஏணியைப் பிடிக்கிற பிடி அது, எனக்குத் தெரியும்.
"அந்தப் பட்டறையில ரெண்டாவது வழி கிடையாதுங்க" என்று
ஆரம்பித்தார்.
நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் தட்டுவடை செட் வாங்கித் தந்தேன்.
உதடெல்லாம் பீட்ரூட் சிவப்பாகக் கேட்டாள்:
"இன்னிக்கு யாரும்மா பாக்கிறது?"
"நான்."
"எத்தனை தடவை?"
"ஒரு தடவை."
நம்பாத கண்ணோடு இன்னொரு தட்டைக் கடித்தாள்.

அன்று ராத்திரியும் எழுந்தார்.
படுத்திருக்காமல் நானும் கூடப் போனேன்.
லைட் போடவில்லை.
இருட்டில் ரெண்டு பேரும் குனிந்தோம்.
கேஸ் வாடை இல்லை.
சாயங்காலம் தாளித்த
கறிவேப்பிலை வாசம் கொஞ்சம் இருந்தது.
"உனக்கும் வருதா?" என்றார்.