மாடி அறை, பண்டாரவளை

அடையாள அட்டைப் பிரதி, இரண்டு பக்கமும்.
பாமசியின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
கிராம சேவகர் கடிதம் போதாதாம்;
பொலிஸ் பதிவும் வேண்டுமாம்.

அப்பாவுக்கு என்ன வேலை?
கவ்வாத்து வெட்டுகிறார் என்றேன்.
பேனா நின்றது.
"அப்போ தோட்டம்."
கேள்விக்குறி இருந்ததாக நினைவில்லை.

நிரந்தர முகவரி:
ஏழாம் நம்பர் லயம், கீழ்ப்பிரிவு.
வீட்டு இலக்கம்? இல்லை. வீதி? இல்லை.
அப்போ கடிதம் எப்படி வரும்?
ஆபீசுக்கு வரும், மெடம்.
சிலது பிரித்தே வரும்.

கருவாடு பொரிப்பியா,
யார் யார் வந்து போவாங்க,
கல்யாணம் எப்போ,
ஏன் இன்னும் இல்லை.
எல்லாம் சொன்னேன்,
சிலதைப் பொய்யாக.

கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்:
கூரை ஒழுகுமா?

சுவர்ணா மெடத்தின் முகம் சுருங்கியது,
அவர் வீட்டு அந்தரங்கத்தை
நான் கேட்டுவிட்டதுபோல.