எரிக்க வேண்டிய வயலின்

படத்துக்கு மூன்று வயலின் கணக்கு.
வாசிக்க ஒன்று, உடைக்க ஒன்று,
எரிக்க ஒன்று.
பின்னது இரண்டும் காந்தி வீதி ஞாயிறு சந்தையில்
ஜோடி மூவாயிரத்துக்கு நான் பேரம் பேசியவை.
வாசிப்பது எஸ்தலுடையது, நாள் வாடகை.

கதைப்படி அது சாபம் பிடித்தது.
வாசிப்பவளின் காதலன்
சைகோனுக்குக் கப்பலேறினால் திரும்ப மாட்டான்.
நாயகிக்கு முகம் உண்டு, விரல் வராது.
விரல்கள் குருசுக்குப்பத்து எஸ்தலுடையவை.

தாடைக்குக் கீழே இடப்பக்கம்
காசளவு கறுத்த தழும்பு அவளுக்கு.
மேக்கப்காரர் அதை நாயகிக்கும் வரைந்தார்,
தினமும் ஒரு நூல் தள்ளி.
நான் மட்டும்தான் கவனித்தேன்.

"எனக்குப் பேசி வச்சிருக்கிறவரும் சொல்தாதான்,
இப்ப ஏதோ பாலைவனம்,
எங்கேன்னு சொல்லக் கூடாதாம்"
சாம்பார் சாதத்து மிளகாயை
ஓரம் ஒதுக்கியபடி சிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் போன் வரவில்லை.
பதின்மூன்று.
பதினாலு.
வில்லுக்கு ரோசின் தேய்த்தவள்
தேய்த்துக்கொண்டே இருந்தாள், மடியெல்லாம் வெள்ளைத் தூள்.
"பாவாடை, இந்தக் கதையை எங்கே கேட்டாங்களாம்?"
சும்மா கற்பனைங்க என்றேன்.
கற்பனைதான்.
ஸ்கிரிப்டில் நாற்பத்தொன்றாம் பக்கம்.

அன்றிரவு வீராம்பட்டினத்து மணலில் தீக்காட்சி.
பெட்ரோல் என் கையில், இரண்டு பெட்டியும் என் கையில்.
அவள் பெட்டியைத் திறந்தேன்.
இதில் உனக்கென்னடா லாபம் என்று யோசிக்க
டைரக்டர் நேரம் கொடுக்கவில்லை.

சந்தை மரம் பட்டென்று பிடிக்கும்.
இது நிதானமாக, யோசித்து எரிந்தது.
சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு
"என்ன மரம்யா இது" என்றார்.

காலை ஆறே காலுக்கு போன் வந்தது.
கணுக்கால் முறிவு, ஆஸ்பத்திரியில் சார்ஜர் இல்லை,
அவ்வளவுதான்.
அழுதாள், சிரித்தாள், என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.
பிறகு பெட்டியைத் திறந்தாள்.

என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன்.
சம்பளத்தில் மாதம் மூவாயிரம்,
பத்தொன்பது மாதம் பிடித்தார்கள்.
அவள் லியோனுக்கோ துலோனுக்கோ போய்விட்டாள்.

படம் வந்தது. முதல் நாள், கடைசி வரிசை.
தீ பதினோரு விநாடி.
ஒரு தந்தி அறுந்தது. இன்னொன்று.
மூன்றாவது கொஞ்சம் தாமதித்து.
நாலாவதுக்கு மூச்சைப் பிடித்திருந்தேன்.
திரை கறுத்து
இடைவேளை என்று எழுத்து வந்தது.
பக்கத்து சீட்காரர் பாப்கார்னுக்கு எழுந்தார்.
காலை மடக்கி
வழிவிட்டேன்.