வாடகைப் பழம்

ட்ரூரோவுக்குத் தெற்கே,
மழை குறுக்காகப் பெய்யும் ஒரு தோட்டத்தில்
முப்பது டன் குதிரைச் சாணத்துக்கு
வெப்பமானி பொருத்தப் போயிருந்தேன்.
கம்பியை உள்ளே விட்டதும்
அறுபத்தெட்டு டிகிரி.

குழியின் இருபுறமும் சாணம்.
நடுவே ஓக்குப் பட்டைத் தூளில்
கழுத்துவரை புதைந்த தொட்டிகள்.
விட்டுவிட்டு அடுக்கிய செங்கல் வழியே
சூடு மட்டும் உள்ளே போகும்,
நாற்றம் போகாது என்பது ஏட்டுக் கணக்கு.
நாற்றமும் போகிறது.

லவ்டே ரோ, தோட்டப் பொறுப்பாளர்,
தேநீரோடு ஒரு பேரேட்டையும் நீட்டினாள்.
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்று.
'பட்டை, தோல் கிடங்கிலிருந்து, ஒன்பது வண்டி.
சாணம், எண்ணவில்லை.
இராக்காவல் பையன் டிகரி பென்னா, வயது பன்னிரண்டு,
வாரம் ஒரு ஷில்லிங்.
தூங்கினால் மூன்று பென்ஸ் பிடித்தம்.'

அவன் வேலை இவ்வளவுதான்.
மணிக்கொரு தரம்
பட்டைக்குள் செருகிய குச்சியை உருவி
உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.
சுட்டால் கண்ணாடியைத் தூக்கு.
ஆறினால் பாயைப் போர்த்து.
சுடவும் இல்லை ஆறவும் இல்லையென்றால்
அடுத்த மணிவரை பயப்படு.

நான் விற்க வந்த கருவியும் இதைத்தான் செய்கிறது.
பயம் மட்டும் அதற்கு வராது.

மூன்றாம் வருடம் பழம் வந்தது.
ஒன்றே ஒன்று.
அதற்கென்று பேரேட்டில் தனிப் பக்கம்:

'செப்டம்பர் மூன்று. நீதிபதி வீட்டு விருந்து. ஒரு கினி. வெட்டக் கூடாது.
ஐந்து. ஃபால்மத் கப்பல் முதலாளி. ஒரு கினி.
எட்டு. பாதிரியார். அரை கினி, தொடவும் கூடாது.
பன்னிரண்டு. மறுபடி நீதிபதி. மகளுக்கு நிச்சயம்.'

மெழுகுவத்திகளுக்கு நடுவில்
முள்ளும் கண்ணுமாய் அது உட்கார்ந்திருக்க,
சுற்றிலும் ஆட்டுக்கறி தின்றிருக்கிறார்கள்.
இரவல் சங்கிலி போட்டுக்கொண்டு
கல்யாண வீட்டுக்குப் போவதுதான்.
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் பழைய அகராதியில்
இதற்குப் பறங்கித்தாழை என்றொரு பெயர் உண்டு என்றேன்.
'அப்படியானால் நாங்களா கொடுத்தோம்?'
லவ்டேயின் முகம் மலர்ந்தது.
இல்லை, போர்ச்சுக்கீசியர்.
நீங்கள் அப்போது இதைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டீர்கள்.
நாமக்கல் பேருந்து நிலையத்தில்
கொல்லிமலைப் பழத்தைக் கீறி, மிளகாய்ப்பொடி தடவி
பிளாஸ்டிக் பையில் பத்து ரூபாய்க்குத் தருவார்கள்,
ஈ ஓட்டுவதுதான் பெரும்பாடு
என்பதைச் சொல்லவில்லை.
அந்தத் தொட்டிகள் காதில் அது விழக் கூடாது.

அவள் தாளைத் திருப்பினாள்.

'செப்டம்பர் இருபத்தொன்பது. அடி கனிந்து நீர் கசிகிறது.
இனி வாடகைக்கு ஆகாது.
கொண்டையை நட்டாயிற்று.
மிச்சத்தைக் குப்பையில் எறியும்படி
பையனிடம் கொடுத்தது.'

எறிந்தானா?

அடுத்த வரி வேறு மையில், அவசரமாக:
'பென்னா, நாக்கெல்லாம் புண்.
இரண்டு நாள் வரவில்லை.
பிடித்தம் நான்கு பென்ஸ்.'

லவ்டே சிரித்தாள்; பிறகு சிரிக்கவில்லை.
வெளியே கவுன்சில் வண்டி
இன்னொரு சுமைச் சாணத்தைக் கொட்டியது.
கருவி அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு என்றது.
நான் நாக்கை மேலண்ணத்தில்
ஒருமுறை உரசிப் பார்த்துக்கொண்டேன்.