ஏழாவது கதவு

ஃபியூஸை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன்.
பூட்டு உண்டு, சிவப்பு அட்டை உண்டு,
மூன்று பேர் கையெழுத்தும் உண்டு.
இருந்தாலும்
உள்ளே போகிறவன் நான்.

பேனா, சாவி, கல்யாண மோதிரம்
எல்லாம் வெளியே தட்டில்.
ஒரு திருகு நழுவி விழுந்தால்கூட
எஞ்சின் அதை மறக்காது.
ஃபியூஸுக்கு மட்டும்
ஜிப் வைத்து நானே தைத்த பை.

பனாமா வளைகுடாவில் நான்காம் நாள்.
கால்வாய்க்கு முன்னால் முப்பத்தேழு கப்பல்கள்,
பல் வைத்தியர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்போல
ஒன்றையொன்று பார்க்காமல்.

நிறுத்திப் பதினான்கு மணி நேரம்.
இன்னும் சூடு.
அடுப்பை அணைத்த பிறகும்
மண்சட்டியில் அடங்காத குழம்பின் பிடிவாதம்.

பதினொரு சிலிண்டர், நான்கு மாடி உயரம்.
ஒரு சிலிண்டரின் வாய் அகலத்தைக் கேட்ட
சமையற்காரர் டியோஸ்டாடோ
தன் பெரிய அண்டாவைத் திரும்பிப் பார்த்து
"போய்விடும்" என்றார்.

கப்பலின் இதயம் என்பார்கள் கரைக்காரர்கள்.
எந்த இதயம்
நாளுக்கு இருநூறு டன் எண்ணெய் குடிக்கும்?
எந்த இதயத்தை நிறுத்திவிட்டு
உள்ளே ஏறித்
துணியால் துடைக்க முடியும்?
எனக்கு இது எஞ்சின். போதும்.

கதவுக்கு வெளியே மால்காஸ்.
பதூமிக்காரன். கருவிகளை எண்ணி வைத்திருக்கிறான்:
ஒன்பது.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்துவான்,
"ஃபெர்மின், உயிரோடா?"
"இன்னும்."

தலைக்கு மேலே எண்ணெய் சொட்டுகிறது.
பிடரியில் ஒன்று, இமையில் ஒன்று.
தாங்கிக்கும் தண்டுக்கும் நடுவே
மெல்லிய தகட்டைச் செருகி இழுக்கிறேன்.
என் ஆள்கனத்துக்கு மேல் பருத்த இந்தத் தண்டு
மயிரிழை இடைவெளியில், எண்ணெயின் மேல்
பதின்மூன்று வருடமாய் மிதந்திருக்கிறது.
அளவு சரி.

திரும்பும்போதுதான் விளக்கு விழுந்தது.
சுவரில், பூச்சுக்கு அடியில்,
மஞ்சள் நிறத்தில் கொரிய எழுத்து.
வட்டமும் குச்சியுமாய் மூன்று வரி.

சாங்வோனில் கட்டிய எஞ்சின்.
அன்றிலிருந்து முப்பத்தேழு கோடிச் சுற்று.
ஒவ்வொரு சுற்றிலும் கொதியெண்ணெய் மழை.
அழியவில்லை.

"உயிரோடா?"
நான் பதில் சொல்லவில்லை.
"ஃபெர்மின்!"
"இன்னும், இன்னும். போனைக் கொடு."

தலைமை எஞ்சினியர் டோன்ச்சி
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
எச்சரிக்கையாக இருக்கலாம் என்றார்.
அன்றிரவு ஏழாம் அலகின் போல்ட்டுகளை
ஒவ்வொன்றாய் மறுபடி சோதித்தோம்.
பிரார்த்தனை என்றார் கேப்டன்.
யாரோ ஒருத்தியின் பெயர் என்றான் மால்காஸ்,
அவனுக்கு எந்தச் சுவரிலும் அதுதான் தெரியும்.

ஒன்பது வாரம் கழித்து, பூசானில்,
சர்வீஸுக்கு வந்த பியோ கி-சோக்
என் போனை வாங்கிப் பார்த்தார்.
ஒருமுறை வாசித்தார். மறுமுறை வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

குளிர் நூடுல்ஸ் நான்கு கிண்ணம்.
ஒன்றில் கடுகு வேண்டாம்.
காசு ஜோங்-தக் கொடுப்பான்.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். ஜூலை மாதமாக இருக்கும்," என்றார்,
"அந்தக் கொட்டகையில் விசிறி கிடையாது."

எங்கள் இலோயிலோவில்
பாச்சோய் குடித்தால்
இரண்டாம் முறை சாறு சும்மா ஊற்றுவார்கள்.
ஏனோ அதைப் பியோவிடம் சொன்னேன்.
தலையாட்டினார்.

இப்போது நடுப் பசிபிக், காலை மூன்றே கால்.
நிமிடத்துக்கு எழுபத்தெட்டு.
ஏழாம் சிலிண்டரின் சூடு மட்டும்
மற்றவற்றைவிட இரண்டு டிகிரி கூட.
எப்போதும் அப்படித்தான்.
கடுகு வேண்டாம் என்றவர் யாரென்று
திரையைப் பார்த்தபடி யோசிக்கிறேன்.
ஜோங்-தக் காசு கொடுத்தானா என்றும்.

அறிக்கையில் டோன்ச்சி எழுதியிருப்பது:
அலகு ஏழு. இடைவெளி சரி.
சுவரில் எழுத்து. பாதிப்பில்லை.
துடைக்க வேண்டாம்.